பொட்டல்புதூர் நேர்ச்சைக்கு இந்துக் குடும்பம் போகலாமா, போனா எப்படி நடந்துக்கணும்?

தங்கச்சி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். மேலாப்ல பாத்தா ரூட்டு கேக்குற மாதிரிதான் இருக்கு, கோயம்புத்தூர்லேருந்து சீசனுக்கு குற்றாலம் வாரோம், பொட்டல்புதூர் பள்ளிவாசல் அங்கேருந்து எவ்வளவு தூரம், எப்ப போனா கூட்டம் இருக்காது, அடுத்த நாள் திருச்செந்தூர் போறப்ப காயல்பட்டினத்து பழைய பள்ளிவாசல்களையும் பாக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா நடுவுல ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க பாருங்க, குடும்பம் அம்பாசமுத்திரத்துல இருந்த காலத்துல உங்களுக்கு சின்ன வயசுல வலிப்பு வந்து, அம்மா பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவருக்கு சேவலும் சீனியும் தாரேன்னு நேந்துக்கிட்டாங்க, அப்புறம் அப்பாவுக்கு மாத்தலாகி ஊரை விட்டே போயிட்டீங்க, இப்ப அம்மாவுக்கு 70 வயசு, முட்டி வலி, அந்தக் கடன தீக்காம கண்ண மூடக்கூடாதுங்காங்கன்னு. அதுதான் உங்க கேள்வி. நாங்க இந்துக்கள், ரெண்டு பேரும் பொம்பளைங்க, உள்ள போனா யாராவது ஏதாவது சொல்லி அம்மா மனசு நொந்துருமோங்கிற பயம்தான் உங்கள கேக்க வச்சிருக்கு, தூரமும் நேரமும் மேப்லயே பாத்துக்கிடலாமே.

அதனால முதல்ல அதுக்கு பதில் சொல்லிருதேன். தாராளமா போகலாம், பொட்டல்புதூருக்கு இந்துக்கள் வாரது புதுசே இல்ல, கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பை பக்கத்துல எத்தனையோ இந்துக் குடும்பத்துல பிள்ளைக்கு முடியலன்னா முதல்ல நேந்துக்கிறது முகைதீன் ஆண்டவருக்குத்தான், உங்க அம்மா செஞ்சதும் அந்த ஊரு வழக்கப்படிதான். யாரும் உங்க சாதி மதம் கேட்டு வாசல்ல நிறுத்த மாட்டாங்க. நான் மேலப்பாளையத்துக்காரன், எங்க உம்மா வீடு ரவணசமுத்திரம், காலேஜ்ல வரலாறு சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவன், படிக்கிற பிள்ளைகளையும் வெளியூர்லேருந்து வாரவுகளையும் கூட்டிக்கிட்டு இந்தச் சுத்துவட்டாரத்து தர்கா, பழைய பள்ளிவாசல், கல்வெட்டுன்னு போய்வாரது இப்பவும் உண்டு. ஆனா நான் மார்க்கம் படிச்ச ஆலிம் கிடையாது, மார்க்கச் சட்டம் இது கூடும் அது கூடாதுன்னு சொல்லுத தகுதி எனக்கு இல்ல, அத ஹஜ்ரத்மார்தான் சொல்லணும். வரலாறும், போய்வந்த பழக்கத்துல தெரிஞ்சதும்தான் இங்க எழுதுதேன்.

எந்த ஊரு பள்ளிவாசலுக்குப் போனாலும் ஒண்ணே ஒண்ண மனசுல வச்சுக்கிட்டா போதும்னு நான் என் பிள்ளைகளுக்கு சொல்லுவேன். நீங்க நிக்கிற இடம் தொழுகை நடக்குற இடமா, இல்ல ஜியாரத்துக்கு, அதாவது பெரியவங்கள நினைச்சு வேண்டிக்கிட, வாரவுக வந்து நிக்கிற இடமான்னு முதல்ல பாத்துக்கிடணும். தொழுகை இடத்துக்கு ஒரு ஒழுங்கு, அஞ்சு வேளை, கை கால் முகம் கழுவி ஒளு செஞ்சிட்டு வந்து வரிசையா நிக்கிறவுக, அங்க வெளியாள் போய் நின்னா யாரும் திட்டமாட்டாங்க ஆனா இடைஞ்சல். ஜியாரத் இடம் வேற, அது யாருக்கும் திறந்து கிடக்கும், அழுதுக்கிட்டு வாரவுக, பிள்ளைய தூக்கிட்டு வாரவுக, சீனி வாங்கிட்டு வாரவுகன்னு நாள் முழுக்க ஆளு வந்து போயிட்டே இருப்பாக. நம்ம பக்கத்துல பல இடத்துல இந்த ரெண்டும் ஒரே மதிலுக்குள்ள இருக்கும், பொட்டல்புதூரும் அப்படித்தான். வெளியூர்க்காரங்களுக்கு வார சங்கடம் முக்காவாசி இது புரியாததாலதான் வருது, தொழுகை வரிசைக்கு முன்னால குறுக்க நடந்துருவாங்க, இல்லன்னா எல்லாரும் போலாம்ங்கிற இடத்துல கூட உள்ள போகாம வாசல்லயே பயந்து நின்னுட்டு திரும்பிருவாங்க. ரெண்டாவது வகைதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், அவ்வளவு தூரம் வந்துட்டு.

இனி அந்த இடத்த பத்தி. உறுதியா சொல்லக்கூடியது என்னன்னா, முகைதீன் ஆண்டவர்னு நம்ம சனங்க சொல்லுதது அப்துல் காதிர் ஜீலானி அவர்களை. ஈரான்ல கீலான் பகுதில 1077 வாக்குல பிறந்தவங்க, இளவயசுல படிக்க பக்தாதுக்குப் போயி, அங்கயே மதரஸால பாடம் நடத்தி, 1166ல மவுத்தாகி, பக்தாதுலயே அடக்கமானவங்க. காதிரிய்யா தரீக்காங்கிற ஆன்மிக வழி அவுக பேரால வந்தது. ஆக பொட்டல்புதூர்ல அவுக கபுர், அதாவது அடக்கமான இடம், கிடையாது, இது அவுக பேரச் சொல்லி, அவுக நினைவா எழுப்புன இடம். நாகூர்ல ஷாஹுல் ஹமீது ஆண்டவர் அந்த மண்ணுலயே அடக்கமாயிருக்காங்க, அது வேற, இது வேற. பள்ளிவாசல் கட்டுனதுக்கு 1674ங்கிற வருஷத்தைத்தான் வழக்கமா சொல்லுதாங்க. ஆண்டவர் இங்கயே வந்து தங்கினாங்க, கனவுல வந்து இடத்த காட்டினாங்கன்னு வயசானவுக பல விதமா கதை சொல்லுவாக, உங்க அம்மாவுக்கும் ஒரு கதை தெரிஞ்சிருக்கும். அத மறுத்துப் பேசணும்னு எனக்கு ஆசை இல்ல, ஆனா ஜீலானி அவர்கள் தென்னாட்டுக்கு வந்ததுக்கு சரித்திர ஆதாரம்னு எதுவும் கிடையாது, அது நம்பிக்கை சார்ந்த விஷயம், வரலாறுன்னு யாராவது அடிச்சு சொன்னா கொஞ்சம் நிதானிச்சு கேட்டுக்கங்க. 17ஆம் நூற்றாண்டுல நம்ம கடற்கரை ஆலிம்கள்கிட்ட காதிரிய்யா வழி நல்லா பரவியிருந்துச்சு, காயல்பட்டினத்துல 1632ல பிறந்து கீழக்கரைல அடக்கமாயிருக்குற சதக்கத்துல்லா அப்பா அந்தக் காலத்து ஆளுதான். அவருக்கும் பொட்டல்புதூருக்கும் நேர்த் தொடர்பு உண்டுன்னு நான் சொல்லல, முகைதீன் ஆண்டவர் பேரு இந்த மலையடிவாரம் வரைக்கும் எப்படி வந்திருக்கும்ங்கிறதுக்கு அந்தக் காலச் சூழ்நிலை ஒரு பதில் குடுக்குதுன்னு மட்டும் சொல்லுதேன்.

உள்ள நுழைஞ்சதும் அம்மா கேப்பாங்க, இது என்ன கோயில் மாதிரியே இருக்குன்னு. ஆமா, கோயில் கட்டுற முறையிலதான் கட்டியிருக்கு, கல்லு மண்டபம், தூணு, அது எதேச்சையா வந்ததில்ல. அந்தக் காலத்துல இந்த சீமைல கல்லு வேலை தெரிஞ்சவுக யாரு, கோயில் கட்டுனவுகதான், அதே கைவேலைதான் பள்ளிவாசலுக்கும் வந்திருக்கு, மனுச உருவமும் மிருக உருவமும் மட்டும் இருக்காது, அதுக்குப் பதிலா தாமரை, கொடி, கட்டம் கட்டமா கோலம் மாதிரி வேலைப்பாடு. காயல்பட்டினம், கீழக்கரைன்னு கடற்கரை ஊர்கள்லயும் பழைய பள்ளிவாசல்ல இதையே பாக்கலாம், நாலு பட்டைத் தூணு மேல போக போக எட்டுப் பட்டையாகும், மேல பூமொட்டு மாதிரி போதிகை. இன்னொண்ணு, மக்கா நமக்கு மேற்கே, கொஞ்சம் வடக்க சாஞ்சு, அதனால தொழுற முகம் மேற்க, வாசல் கிழக்க பாத்து வரும், கோயில் வாசலும் பெரும்பாலும் கிழக்கதானே, அதுனாலயும் அந்த ஒத்துமை கண்ணுக்கு சட்டுனு தெரியும்.

நேர்ச்சைய எப்படி தீக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க, இதத்தான் விவரமா சொல்லணும்னு நினைக்கேன். நேந்தது எதுவோ அதையே குடுங்க, சேவல்னா சேவல், சீனின்னா சீனி, அதுக்கு மேல ஆடம்பரமா எதுவும் வேண்டாம், உங்க அம்மா மனசு அதுலதான் ஆறும். சேவல கோயம்புத்தூர்லேருந்து கார்ல கொண்டு வந்து பாடாப்படுத்தாதீங்க, கடையம் பக்கத்துலயே விசாரிச்சா வாங்கிக்கிடலாம். உயிரோட கொண்டுபோய் ஒப்படைச்சா போதும், அறுக்குறது நம்ம வேலை இல்ல, நின்னு பாக்கணும்னு கட்டாயமும் இல்ல. நீங்க இப்ப கவுச்சியே சேக்குறதில்லன்னு எழுதியிருக்கீங்க, அம்மா சம்மதிச்சா சேவலுக்கு உள்ள காச ஏழைகளுக்கு சாப்பாடு போடுறதுக்கு குடுத்துட்டு, சீனிய மட்டும் வச்சு ஓதிக்கிடலாம், ஆனா இது அம்மா முடிவா இருக்கட்டும், நீங்க சொல்லி மாத்துனதா இருக்கக்கூடாது, நேந்தது அவுக.

சீனியும் ஊதுபத்தியும் பூவும் வாங்கிட்டு உள்ள போனீங்கன்னா ஓதுறதுக்கு லெப்பை இருப்பாரு. அவரு உங்க பேரு, அம்மா பேரு, என்னத்துக்கு நேர்ச்சைன்னு கேப்பாரு, மெதுவா சொன்னா போதும், வெக்கப்பட ஒண்ணுமில்ல, அவரு தினம் இத விட பெரிய கஷ்டமெல்லாம் கேக்குறவரு. சீனிப் பொட்டலத்த பிரிச்சு முன்னால வச்சு, ஊதுபத்திய பொருத்தி வச்சிட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா ஏந்தி ஓத ஆரம்பிப்பாரு, அல்ஹம்து சூரா, குல்ஹுவல்லாஹ், ஸலவாத்துன்னு அரபுல போகும், கடைசில துஆ, அதாவது வேண்டுதல், கேக்கும்போதுதான் உங்க பேரும் அம்மா பேரும் வரும், அந்த இடத்துல அம்மாவுக்கு கண்ணு கலங்கும், கலங்கட்டும். நீங்க கையேந்தி நிக்கலாம், கும்பிட்டும் நிக்கலாம், சும்மா தலைய குனிஞ்சு நின்னாலும் சரி, இப்படித்தான் நிக்கணும்னு உங்களுக்கு ஒரு விதி கிடையாது. ஆமீன் சொல்லி முகத்துல கைய தடவிட்டு, சீனில கொஞ்சம் அங்க எடுத்துக்கிட்டு மிச்சத்த உங்க கைல தருவாரு, அத அங்கன இருக்குற பிள்ளைகளுக்கு குடுத்துட்டு வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுபோங்க. மொத்தமே கொஞ்ச நேரம்தான். காணிக்கை உங்க இஷ்டம், இவ்வளவு குடுத்தாதான் ஓதுவேன்னு யாராவது வழில மறிச்சு கேட்டா, உள்ள ஆபீஸ்ல குடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டு நகந்துருங்க, சண்டை வேண்டாம். பெரிய தொகை ஏதாவது குடுக்குறதா இருந்தா ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்கிக்கிடுங்க, உண்டியல்ல போடுறதா இருந்தா உங்க கையாலயே போடுங்க.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. வலிப்புக்கு இப்பவும் மாத்திரை சாப்பிடுறீங்களா இல்லையான்னு நீங்க எழுதல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, நேர்ச்சை தீத்தாச்சு இனி எதுக்குன்னு யாரு சொன்னாலும் டாக்டர கேக்காம நிறுத்திராதீங்க, வலிப்பு மாத்திரைய திடீர்னு நிறுத்துனா முன்ன இருந்தத விட மோசமா திரும்பி வரலாம். தர்காவுக்கு வார எல்லாருக்குமே இத சொல்லுதேன், குறிப்பா மனநிலை சரியில்லாதவுகள கூட்டிட்டு வாரவுகளுக்கு. ராமநாதபுரம் ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தனியார் காப்பகத்துல சங்கிலில கட்டிப்போட்ட 28 பேரு தீயில செத்தாங்க, அத இந்த ஜில்லாக்கள்ல யாரும் மறந்திருக்க முடியாது. துஆ ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம், நம்ம நபி வைத்தியம் பாக்கச் சொல்லித்தான் இருக்காங்க. திருநெல்வேலில ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிலயே மனநலத்துக்கும் பிரிவு இருக்கு, காசு இல்லன்னு யாரும் சும்மா இருக்க வேண்டாம்.

பொம்பளைங்க விஷயம். பொட்டல்புதூருக்கு பெண்கள்தான் நிறைய வாராக, அதுல பயமே வேண்டாம். ஆனா எந்த தர்காவுலயும் பெண்கள் இதுவரைக்கும்தான்னு ஒரு எல்லை இருக்கும், சில இடத்துல போர்டு இருக்கும், சில இடத்துல வாய்வார்த்தைதான், தொழுகை நடக்குற பகுதிக்குள்ள நீங்க போக வேண்டிய தேவையும் இல்ல. நுழையும்போதே அங்க இருக்குற ஆளுகிட்ட, பெண்கள் எதுவரைக்கும் போகலாம்னு நேராவே கேட்டுருங்க, நீங்களா கேட்டா யாரும் மூஞ்சிய காட்ட மாட்டாங்க. சேலையோ சுடிதாரோ எதுனாலும் சரி, கை மூடியிருக்கட்டும், தலைல முந்தானையோ துப்பட்டாவோ போட்டுக்கிடுங்க. நெத்தில பொட்டு வச்சிருக்கலாமான்னு நிறைய பேரு கேக்காங்க, அத யாரும் பாக்குறதில்ல. கூட வார ஆம்பிளைங்க கைக்குட்டைய தலைல கட்டிக்கிடலாம், முட்டிக்கு மேல டவுசர் வேண்டாம், குற்றாலத்துல குளிச்சிட்டு அப்படியே ஈரத் துணியோட வார கூட்டத்த பாத்தாதான் எனக்கு சங்கடமா இருக்கும். செருப்ப வெளிய விட்டுருங்க. ஒளு செய்யுற தொட்டில நேரா காலையோ வாளியையோ விட்டுராதீங்க, பைப்லயோ மொண்டு ஊத்தியோ கழுவிக்கிடுங்க. தொழுதுக்கிட்டு இருக்குற ஆளுக்கு முன்னால குறுக்க போகாதீங்க, பின்னால சுத்திப் போங்க. கட்டடத்த போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, அங்க வந்திருக்குற பெண்களையும், முடியாதவுகளையும் எடுக்கவே வேண்டாம், அவுக கஷ்டத்தோட வந்திருக்காக.

எதையும் மறைக்காம சொல்லணும்ல, அதனால இதையும் சொல்லிருதேன். தர்காவுக்கு போறது, நேந்துக்கிறதெல்லாம் இஸ்லாத்துல கூடாதுன்னு சொல்லுத முஸ்லிம்கள் நம்ம ஊர்கள்லயே நிறைய இருக்காங்க, என் சொந்தத்துலயும் இருக்காங்க, மேலப்பாளையத்துல இது தீராத வாக்குவாதம். நேர்ச்சைங்கிறது அல்லாஹ்வுக்கு மட்டும்தான், வலியார்கள்கிட்ட, அதாவது இறைநேசர்கள்கிட்ட, எதையும் கேக்கக்கூடாதுங்கிறது அவுக வாதம், வலியார் பொருட்டால அல்லாஹ்கிட்ட கேக்கோம்ங்கிறது மத்தவுக பதில். உங்க டிரைவரோ, வழில டீக்கடைல ஒருத்தரோ முஸ்லிமா இருந்து, எதுக்கும்மா அங்க போறீங்கன்னு கேட்டா அது உங்கள விரட்டுறதுக்கில்ல, அவரு நம்பிக்கை அது. அம்மாவுக்கு இத முன்கூட்டியே சொல்லி வச்சா நல்லது, திடீர்னு கேட்டா மனசு கஷ்டப்படுவாங்க.

எப்ப போறதுங்கிறதுக்கு வாரேன். வருஷத் திருவிழாவான கந்தூரி, இஸ்லாமியக் கணக்குல ரபீயுல் ஆகிர் மாசத்துல, பிறை 11ஐ ஒட்டி, ஜீலானி அவர்கள் நினைவு நாள் அது. பிறைக் கணக்கு வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால வந்துக்கிட்டே இருக்கும், 2026ல செப்டம்பர் 23 வாக்குல வரும், பிறை தெரியுறத பொறுத்து ஒரு நாள் முன்னபின்ன ஆகலாம். அந்த நாள்கள்ல முஸ்லிமும் இந்துவுமா சுத்துப்பட்டு சனம் எல்லாம் அங்கதான் இருக்கும், பாக்க வேண்டிய கூட்டம்தான், ஆனா முட்டி வலியோட 70 வயசு அம்மாவ அன்னைக்கு கூட்டிட்டுப் போகாதீங்க, நிக்க இடம் இருக்காது. கிழமைல வியாழன் சாயங்காலம் கூட்டம் சேரும், வெள்ளி மத்தியானம் பன்னிரண்டுலேருந்து ரெண்டு மணி வரைக்கும் ஜும்ஆ தொழுகை, அந்த நேரம் ஒதுக்கிருங்க. மத்த நாள்ல காலைல எட்டு ஒம்பது மணிக்கு போய் பதினொன்னுக்குள்ள முடிக்கிறது ரொம்ப நல்லது, இல்லன்னா சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்ச பிறகு, நாலரை அஞ்சு மணி வாக்குல. தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லிட்டாங்கன்னா ஒரு ஓரமா உக்காந்து இருங்க, கால் மணி நேரம் இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும். காலைல போகச் சொல்லுததுக்கு இன்னொரு காரணம் தரை, வெயில் ஏறுனா கல்லுல வெறுங்கால வைக்க முடியாது, சீசன்ல சாரல் அடிச்சா வழுக்கும், ரெண்டுமே அம்மாவுக்கு ஆகாது. காலுறை போட்டுக்கிடலாம், தப்பில்ல. தரைல உக்கார முடியலன்னா சொல்லுங்க, ஒரு நாற்காலி யாராவது போட்டுருவாங்க, வயசானவுகள நிக்க வச்சுப் பாக்குற ஊரு இல்ல அது.

ரூட்டு: மதுரை, ராஜபாளையம் வழியா தென்காசி வந்துருவீங்க. தென்காசிலேருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டுல கடையம் தாண்டுனதும் பொட்டல்புதூர், தென்காசிலேருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், அம்பை போற பஸ்ஸெல்லாம் அந்த வழிதான். ரயில்ல வாரவுகளுக்கு திருநெல்வேலி செங்கோட்டை லைன்ல ரவணசமுத்திரம், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி மூணு ஸ்டேஷனும் பக்கம், அதுலயும் ரொம்ப பக்கம் ரவணசமுத்திரம், ஆனா எல்லா வண்டியும் அங்க நிக்காது, பாத்துக்கிடுங்க. ஊர்ப் பேர்ல குழம்பிராதீங்க, கடையநல்லூர் வேற, கடையம் வேற, கடையநல்லூர் தென்காசிக்கு வடக்க, நீங்க வரும்போதே தாண்டி வந்துருவீங்க. அதே மாதிரி ஏர்வாடி தர்கான்னு மேப்ல போட்டுட்டு வள்ளியூர் பக்கத்து ஏர்வாடில வந்து இறங்குறவுக உண்டு, தர்கா இருக்குறது ராமநாதபுரம் ஏர்வாடில. பொட்டல்புதூர் இப்ப தென்காசி மாவட்டம், 2019 நவம்பர்ல பிரிச்சது, பழைய விவரம் எதுலயும் திருநெல்வேலின்னுதான் இருக்கும், ரெண்டும் ஒரே இடம்தான்.

கடையத்துல வண்டிய நிறுத்துனீங்கன்னா அம்மாகிட்ட சொல்லுங்க, பாரதியார் சம்சாரம் செல்லம்மா ஊரு அது, 1918 கடைசில ஜெயில்லேருந்து வந்த பிறகு அங்கதான் ரெண்டு வருஷம் போல இருந்தாரு, 1920ல பொட்டல்புதூருக்கு வந்து இஸ்லாம் மார்க்கத்தோட பெருமையப் பத்தி பேசியிருக்காரு. உங்கள மாதிரி வெளிய இருந்து அந்த ஊருக்கு வந்தவுக வரிசை ரொம்ப நீளம், அதுக்காகத்தான் சொன்னேன்.

காயல்பட்டினம் பத்தி கேட்டதுக்கு பதில் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அங்க உள்ளது பெரும்பாலும் தொழுகை நடக்குற பள்ளிவாசல்கள், குத்பா பெரிய பள்ளி, குத்பா சிறு பள்ளின்னு, சுத்திப் பாக்குற இடம்னு யாரும் டிக்கெட் போட்டு வைக்கல, வாழுற ஊரு. அங்கத்து பெண்களே ஆம்பிளைங்க தொழுற பள்ளிக்குப் போறதில்ல, அவுகளுக்கு தனியா தைக்கான்னு தொழுகை இடம் உண்டு, தெருவுக்குத் தெரு பெண்கள் நடக்குறதுக்குன்னே வீடுகளுக்கு இடையில முடுக்குன்னு சின்ன சந்து வச்சிருக்குற ஊரு. அதனால நீங்களும் அம்மாவும் பெரிய பள்ளிக்குள்ள போய் தூண பாக்கணும்னா நடக்காதுன்னே வச்சுக்கிடுங்க, கூட ஆம்பிளைங்க யாராவது வந்தா மத்தியான லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்துல பாங்கு சொல்லுத மோதினார்கிட்ட கேட்டுட்டு பாத்துட்டு வரலாம், மரியாதையா கேட்டா காட்டுவாங்க. முடுக்குக்குள்ள ஆம்பிளைங்க நுழைஞ்சிராதீங்க, வெளியூர்க்காரங்க தெரியாம செய்யுற தப்பு அதுதான். அந்த ஊர்ல யாராவது தெரிஞ்சவுக இருந்தா அவுகள வச்சுக்கிட்டுப் போங்க, இல்லன்னா கடற்கரைய பாத்துட்டு, தெருவ மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வந்தாலே போதும். திருச்செந்தூருக்கு ரொம்ப பக்கம், திருநெல்வேலி திருச்செந்தூர் ரயில் அங்க நிக்கும்.

மார்க்கோ போலோ வந்தாருல்ல, அது இந்த ஊருதானேன்னு கேட்டிருந்தீங்க. 1290கள்ல பாண்டிய நாட்டுக்கு வந்து காயல்ங்கிற துறைமுகத்த பத்தி அவரு எழுதியிருக்காரு, அரபு நாட்டுக் குதிரைங்க கப்பல் கப்பலா வந்து இறங்குனதும், இங்க அதுகள வளக்கத் தெரியாம ஏகப்பட்டது செத்துப்போனதும் அதுல இருக்கு. அது வரைக்கும் உறுதி. ஆனா அந்தக் காயல் இப்ப உள்ள காயல்பட்டினமா, கொஞ்சம் வடக்க தாமிரபரணி முகத்துவாரத்துப் பக்கம் இருக்குற பழையகாயலாங்கிறதுதான் பிரச்சனை. கால்டுவெல் 1881ல எழுதுன திருநெல்வேலி சரித்திரத்துல பழையகாயல்தான்னு சொல்லுதாரு, ஆறு கொண்டுவந்து கொட்டுன வண்டல்ல துறைமுகம் தூர்ந்து போச்சுங்காரு, அவரு காரணங்கள் எனக்கு சரியாத்தான் படுது. துறை தூர்ந்த பிறகு வியாபாரமும் சனமும் தெக்க நகந்திருக்கணும், காயல்பட்டினமும் பழைய ஊருதான், அங்க உள்ள கல்வெட்டும் கபுர்க் கல்லும் அத சொல்லுது, அதனால காயல்காரங்க இத எங்க ஊருன்னு சொன்னா ஒரேயடியா தப்புன்னும் நான் சொல்லமாட்டேன். போர்டுல எழுதியிருக்குங்கிறதுக்காக மட்டும் ஒரு பக்கமா முடிவு பண்ணிராதீங்க.

பெண்கள் கூட வாரீங்கங்கிறதால என் யோசனை, காயல்பட்டினத்துக்குள்ள பாதி நாள் செலவழிக்கிறத விட ஆத்தங்கரை பள்ளிவாசலுக்கு ஒரு நடை போய் வாங்க. திசையன்விளை பக்கம், நம்பியாறு கடல்ல சேருற இடம், ஷேக் முகம்மது அவர்களும் செய்யிதலி பாத்திமா அம்மாவும் அங்க அடக்கமாயிருக்காங்க, ஆக இது கபுர் இருக்குற இடம், பொட்டல்புதூருக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த நேர்லயே பாக்கலாம். ஒரு அம்மா அடக்கமாயிருக்குற இடம்ங்கிறதால பெண்கள் ரொம்ப பிரியமா வாராக, மூணு மதத்துக்காரங்களும் வாராக, பக்கத்துல உவரில அந்தோணியார் கோயிலும் சுயம்புலிங்க சாமி கோயிலும் இருக்கு, அங்க வாரவுக இங்கயும் ஒரு எட்டு வந்துட்டுப் போவாக. கடல்காத்து பலமா இருக்கும், ஊதுபத்தி பத்த வைக்க முடியாது, தலைல போட்ட துணி நிக்காது, அம்மாவுக்கு ஒரு ஊசி எடுத்து வச்சுக்கிடுங்க முந்தானைல குத்திக்கிட. முகத்துவாரத்துல தண்ணில இறங்க வேண்டாம், ஆறும் கடலும் சேருற இடத்துல இழுவை எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. திருச்செந்தூர்லேருந்து கன்னியாகுமரி போற கடற்கரை ரோட்டுல போனா வழி சுலபம், ஆனா பஸ் அடிக்கடி கிடையாது, சொந்த வண்டி இருந்தாதான் தோது.

தேதி முடிவானதும் இதுக்குக் கீழயே எழுதுங்க, அன்னைக்கு என்ன கிழமை, பிறை எத்தனை, ஏதாவது விசேஷம் விழுதான்னு பாத்து சொல்லுதேன். அம்மாவால எத்தனை படி ஏற முடியும், தரைல உக்காந்து எந்திரிக்க முடியுமாங்கிறதையும் சேத்து எழுதுங்க, ரவணசமுத்திரத்துல எங்க மாமா வீட்டு ஆளுக இருக்காக, காலைல வாரதா இருந்தா அம்மா கொஞ்ச நேரம் உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போறதுக்கு நான் சொல்லி வைக்கேன்.